இனாம்காவ்: மண்ணுக்குள் ஒரு கிராமத்தின் சரித்திரம்



சரித்திரம் என்றவுடனே நம் மனக்கண்முன் வந்து நிற்பவை அரண்மனைகளும் போர்க்களங்களும் கல்வெட்டுகளுமே. ஆனால், எந்தக் காலத்திலும் இந்தத் தேசத்தின் பெரும்பான்மையோராய் இருந்து, நிலத்தை உழுதும் கால்நடைகளை மேய்த்தும் பானை வனைந்தும் வாழ்ந்து, தங்கள் பெயரை ஒரு கல்லிலேனும் பொறித்து வைக்காமல் மறைந்துபோனவர்கள் கிராமத்து ஜனங்கள்தாம். எழுத்து இல்லாத அவர்களுடைய சரித்திரத்தை அறிவதற்கு வழி உண்டா என்னும் கேள்விக்கு, மகாராஷ்டிரத்தில் ஒரு சிற்றூரின் அருகேயுள்ள மண்மேடு விடை அளித்திருக்கிறது. இனாம்காவ் என்னும் அந்த ஊரின் மேட்டைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

புனே ஜில்லாவில், சிரூர் தாலுகாவில், பீமா நதியோடு கலக்கும் கோட் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது இனாம்காவ். மழை குறைந்த பிரதேசம். சுற்றிலும் கரிசல் நிலம். டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த தொல்பொருள் அறிஞர்கள், பேராசிரியர் எச். டி. சங்காலியாவின் முயற்சியால் 1968-ஆம் ஆண்டு இங்கே அகழ்வாய்வைத் தொடங்கினர். அன்சாரி, தவலிகர் முதலியோரின் உழைப்பால் அந்தப் பணி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக் காலம் நடைபெற்றது. அதன் முழு அறிக்கை 1988-இல் வெளிவந்தது.

இவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஆழமாக ஒரு குழி வெட்டினால், எந்தக் காலத்துக்குப்பின் எந்தக் காலம் வந்தது என்னும் வரிசை விரைவில் விளங்கிவிடும்; ஆனால் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அந்தக் குழிக்குள் அகப்படாது. ஒரு வீட்டின் தரை, அதன் அடுப்பு, அடுத்த வீட்டுக்கும் அதற்கும் இடையே ஓடிய சந்து, இவை யாவும் ஒரே காலத்தனவாய் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியவேண்டுமானால், மேட்டை அகலமாக, படலம் படலமாக, பொறுமையோடு நீக்கியாக வேண்டும். மண்ணைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே வருகையில், கெட்டித்த தரையின் ஓரத்தில் வட்ட வட்டமாக நிறம் மாறிய மண் தென்படும். கூரையைத் தாங்கிய மரக்கம்பங்கள் நின்ற குழிகள் அவை. மரம் மக்கிப் போயிற்று. அது நின்ற இடமோ மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை. அந்த வட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தே வீடுகளின் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். இவ்வாறு வெளிப்பட்ட வீடுகள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவை.

இந்த மேட்டில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அடியில் இருப்பது, மாளவப் பிரதேசத்து மண்பாண்ட மரபைக் கொண்டுவந்து குடியேறியவர்களின் காலம், அது கி.மு. 1600 அளவில் தொடங்குகிறது. அதன்மேல் இருப்பது, ஏறத்தாழ கி.மு. 1400 முதல் 1000 வரை நிலவிய, முற்கால ஜோர்வே என்று அறிஞர்கள் பெயரிட்ட பண்பாட்டின் காலம். அதற்கும் மேலே கி.மு. 700 அளவில் முடியும் பிற்கால ஜோர்வே. செம்பு அரிதாகக் கிடைத்தமையால், கல்லைச் சீவிச் செய்த அலகுகளையே பெரும்பான்மையான வேலைகளுக்குக் கருவியாகக் கொண்டிருந்த உழவர்கள் இவர்கள்.

நடுக்காலமாகிய முற்கால ஜோர்வேயே இனாம்காவின் செழிப்பான காலம். மண் பூசிய படல் சுவர்களோடு, நீண்ட சதுர வடிவமான வீடுகள் வரிசையாக நின்றன. நடுவே நடந்து செல்லச் சந்துகள் இருந்தன. குயவர், பொற்கொல்லர், சுண்ணாம்பு சுடுவோர், தந்த வேலை செய்வோர் முதலியோர் ஊரின் மேற்கு ஓரத்தில் வசித்தனர். வசதி படைத்த உழவர்கள் ஊர் நடுவில் இருந்தனர். பார்லி இவர்களுடைய முதன்மையான தானியம். அதனோடு கோதுமையும் பருப்பு வகைகளும் பட்டாணியும் விளைந்தன. இலந்தையும் நாவலும் நெல்லியும் காட்டில் பொறுக்கி வந்து உண்டார்கள். இவையெல்லாம் கதையல்ல, தீயில் கருகியதனாலேயே அழியாமல் தங்கிவிட்ட விதைகள் கூறும் சாட்சியம்.

இந்த வறண்ட பிரதேசத்தில் கோதுமை எப்படி விளைந்தது? ஆற்றில் பெருகி வரும் வெள்ளத்தைத் தேக்கவும் திருப்பவும் இவர்கள் ஒரு பெரிய கரையை எழுப்பி, அதையொட்டிச் சுமார் நான்கு மீட்டர் அகலமுள்ள கால்வாயையும் வெட்டியிருந்தார்கள். இது ஒரு குடும்பம் செய்துவிடக்கூடிய காரியம் அன்று. ஊர் கூடவேண்டும், கூடியவர்களை ஒருவன் நடத்தவேண்டும். அந்த ஒருவன் யார் என்னும் வினாவுக்கும் மேடே விடை சொல்லிற்று.

ஊரின் நடுவில் ஐந்து அறைகள் கொண்ட பெரிய வீடு ஒன்று இருந்தது. தானியக் களஞ்சியமும் அதனைச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டு முற்றத்தில், நான்கு கால்கள் கொண்ட ஒரு பெரிய மண்தாழிக்குள், சுமார் நாற்பது வயதான ஆடவன் ஒருவன் சம்மணமிட்ட நிலையில் புதைக்கப்பட்டிருந்தான். இனாம்காவில் இறந்த பெரியவர்களை மல்லாக்காகக் கிடத்தி, பாதங்களை வெட்டிவிட்டுப் புதைப்பதே வழக்கம். இறந்தவர் எழுந்து நடந்து போய்விடலாகாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். தாழிக்குள் இருந்த இந்த மனிதனுடைய பாதங்களோ வெட்டப்படவில்லை. ஊரின் தானியத்தைக் காத்துப் பங்கிட்ட தலைவன் இவனே என்று அறிஞர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

குழந்தைகளின் அடக்கங்களே இங்கே மிகுதி. இறந்த சிசுவை இரண்டு பானைகளுக்குள் வைத்து, வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரைக்கு அடியிலேயே படுக்கவைத்துப் புதைத்தார்கள். பக்கத்தில் சிறு கலங்களையும் வைத்தார்கள். இறந்த பிள்ளையை ஊருக்கு வெளியே கொண்டுபோகாமல், தாம் உண்டு உறங்கிய தரையின் கீழேயே வைத்துக்கொண்ட அந்தப் பெற்றோரின் நெஞ்சத்தை விளக்க, வேறு ஏடு எதுவும் வேண்டுவதில்லை.

இன்னொரு வீட்டின் தரைக்கு அடியில், மூடியோடு கூடிய முட்டை வடிவமான மண்பெட்டி ஒன்று அகப்பட்டது. அதனோடு சுடாத மண்ணாலான பெண்ணுருவங்களும் ஒரு காளையும் இருந்தன. பெண்ணுருவங்களில் ஒன்றுக்குத் தலை இல்லை. வயிற்றில் ஒரு துளை இருந்தது. காளையின் முதுகிலும் அதற்கு ஒத்த துளை ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால், தெய்வமாகக் கருதத்தக்க அந்தப் பெண் காளையின்மேல் அமர்ந்துவிடுகிறாள். பூஜை முடிந்தபின் அவளைப் பெட்டியோடு தரைக்கடியில் சேமித்து வைத்திருக்கலாம்.

கி.மு. 1000-க்குப் பின் நிலைமை மாறிற்று. பெரிய நீண்ட சதுர வீடுகள் மறைந்து சிறிய வட்டக் குடிசைகள் தோன்றின. தானியம் குறைந்தது, மான் முதலிய காட்டு விலங்குகளின் எலும்புகள் பெருகின. குழந்தைகளின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் வளர்ச்சி குன்றியிருந்ததைக் கண்டார்கள். மழை குறைந்ததே காரணம் என்று கூறுவோர் உளர். நிலத்தை அளவுக்கு மீறி வருத்தியதன் பயன் என்று கூறுவோரும் உளர். எதுவாயினும், கி.மு. 700 அளவில் அந்த ஜனங்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். காலம் செல்லச் செல்ல வாழ்வு உயர்ந்துகொண்டே போகும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். வளமாக வாழ்ந்த ஓர் உழவர் சமூகம், பஞ்சத்தின்முன் பல தலைமுறைகள் போராடி, வேட்டையாடியும் ஆடு மேய்த்தும் உயிரைத் தக்கவைத்துக்கொண்ட வரலாற்றை இந்த மேடு நமக்குக் காட்டுகிறது.

நேயர்களே, இங்கே கிடைத்தவற்றுள் பொன்னால் மதிப்பிடத் தக்கவை மிகச் சில. கருகிய விதை, உடைந்த பானை, சுடாத மண்பொம்மை, இவற்றின் மதிப்பெல்லாம் இவை கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. தாழி அந்தப் பெரிய வீட்டின் முற்றத்தில் இருந்தமையால்தான் ஒரு தலைவனை நாம் அறிந்தோம். தெய்வமும் காளையும் சேர்ந்து கிடந்தமையால்தான் ஒரு வழிபாட்டை அறிந்தோம். ஒரு மண்வெட்டி அவற்றைப் பிரித்துப் போட்டிருந்தால், அந்தச் சரித்திரமும் அவற்றோடு போயிருக்கும். நம் தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் நத்தமேடு என்று வழங்கும் பழைய குடியிருப்புத் திடல்கள் உள்ளன. அங்கே கறுப்பும் சிவப்புமான ஓடுகள் மழைக்குப்பின் வெளியே தலைகாட்டுவதை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். அந்த மேட்டு மண்ணை வயலுக்கு உரமாகவோ வீட்டுக்கு அடிமண்ணாகவோ அள்ளிச் செல்லுமுன், ஊர் நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மன்னர்களின் புகழைக் காக்கக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களின் முன்னோருக்கு இருக்கும் ஒரே ஆவணம் அந்த மண்தான். அதைக் காப்பது நம் கடமை.