ஒரு ஊசியும் ஒரு நூல்கண்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஓசூர்லேர்ந்து வர்றீங்க, தொழில் வளர்ச்சியைப் பத்திப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். சிப்காட்டைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் குரோஷா ஊசியைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள்!

நம் விடுதியில் மூத்த வகுப்பு அக்கா ஒருவர், தேர்வு நேரத்தில்கூட நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பார். "டிகிரி படிக்க வந்துட்டு இதென்ன பாட்டி வேலை?" என்று கேலி செய்தவள் நான். அவரோ கோபிக்காமல் எனக்கும் சங்கிலிப் பின்னலும் சதுரமும் கற்றுக்கொடுத்தார். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். கணவருக்கு மூன்று ஷிப்டு வேலை. ஊசி டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. என் மகன் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் அறையில் இருந்தான். எங்கள் வீட்டிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். நடுவில் ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும். அதுவரை எல்லை என்பது எங்களுக்குக் கடைப் பலகையின் எழுத்து மாறும் இடம், அவ்வளவுதான். இப்போது அது சுவராகிவிட்டது. கூட இருந்த பையன்கள் முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். இவனுக்குக் காய்ச்சல். "ஒண்ணுமில்லம்மா, மாத்திரை போட்டிருக்கேன்" என்பான். சொல்லும்போதே இருமுவான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் அடுத்த வீட்டு அம்மா தார்வாடுக்காரர். கசூத்தி போடுவார். முடிச்சே இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரேமாதிரி தெரியும்படி, துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் வட கர்நாடகத் தையல் அது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சும்மா உக்காராதீங்க, கைக்கு வேலை குடுங்க" என்றார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். ஊசி கிடைத்தது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து நூல் எடுத்தேன்.

முதல் ராத்திரி பதினைந்து வரிசை போட்டேன், எல்லாம் கோணல். காலையில் அவரிடம் காட்டி அழுதேவிட்டேன். "தப்பாச்சா? பிரிங்க. மறுபடி போடுங்க. நூல் எங்கயும் போகலை" என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அந்த நாட்களில் திரும்பச் சரிசெய்யக்கூடியது என்று என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. குரோஷாவில் ஒவ்வொரு பின்னலும் முடியும்போது ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். எண்ணிக்கை தவறினால் ஓரம் கோணும். எண்ணிக்கொண்டிருக்கும் மனசுக்குப் பயப்பட நேரம் குறைவு. பயம் போகாது, ஆனால் ஓர் ஓரமாக ஒதுங்கி உட்காரும்.

இது என் கற்பனை மட்டுமல்ல. 2013-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வுக்காக, பல நாடுகளிலிருந்து 3,545 பின்னல்காரர்கள் பதில் எழுதியிருந்தார்கள். அடிக்கடி பின்னுபவர்களே அதிக அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். பதில் சொன்னவர்கள் எல்லாம் பின்னலை விரும்புகிறவர்கள்தானே, ஆகவே இதை மருந்து என்று நான் சொல்லமாட்டேன். மனம் மிகவும் உடைந்தால் டாக்டரிடம்தான் போகவேண்டும்.

பத்து நாளில் மகனுக்குக் காய்ச்சல் விட்டது. மே மாதம் வீடு வந்தான். போர்வையைப் பார்த்து, "என்னம்மா, இங்க இறுக்கமா இருக்கு, அங்க தொளதொளன்னு இருக்கு?" என்றான். இறுக்கமான இடமெல்லாம் அவன் போனை எடுக்காத ராத்திரிகள். நான் சொல்லவில்லை. ஓசூர் மார்கழிக் குளிருக்கு இன்றும் அதைத்தான் போர்த்துகிறான்.

பிறகு நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு கடைக்காரர் குழந்தைக் குல்லாய் ஐம்பது கேட்டார். ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டேன். தேதி நெருங்க நெருங்க கழுத்து வலி, எரிச்சல். ஆறுதல் போயே போய்விட்டது. காசுக்குச் செய்வது தப்பில்லை. நம் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மறைந்துகொண்டிருந்த தங்கள் பூத்தையலை லம்பாடிப் பெண்கள் மீட்டெடுத்து விற்கிறார்கள். அமைப்பின் பெயர் 'பொர்கை'. அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். அது பிழைப்பு, கௌரவமான பிழைப்பு. ஆனால் உங்கள் ஆறுதலுக்கென்று போடுவதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேதியும் வேண்டாம், விலையும் வேண்டாம்.

தனிமையில் போட்டாலும் அது தனியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், பலரும் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர் மடியில் பிறந்ததுதானே!

தம்பிகளே, இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். என் மகன் அந்த ஊரடங்கிலேயே கற்றுக்கொண்டான். அவன் ஓரம் என்னுடையதைவிட நேர்.

விடுதியில் கற்றுக்கொடுத்த அந்த அக்கா இன்று இந்த அரங்கில் இருந்தால், கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.