கம்ப்ரசர் வாங்குமுன்

வீட்டின் பின்புறம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைக்க நினைக்கும் தம்பிமார் பலர், கம்ப்ரசர் வாங்கும்போது குதிரைச் சக்தியை மட்டுமே கேட்கிறார்கள். நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்றுத் தரும் என்றும் கேளுங்கள். டயருக்குக் காற்றடிக்கச் சிறியது போதும். காற்றால் சுழலும் கருவி கொண்டு நட்டு கழற்ற 90 பவுண்டு அழுத்தத்தில் 4, 5 கன அடியாவது வேண்டும்.

பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். ஆபத்து அங்கேதான்! நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அது தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கும். வெளியே புதுச் சாயம் பளபளக்கும். உள்ளே துரு அரித்துத் தகடு மெலிந்திருக்கும். அத்தகைய தொட்டி வெடித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே கேடு. அடித்திருகைத் திறந்தால் செந்துருத் தண்ணீர் கொட்டினாலோ, தொட்டியில் பற்றவைத்த தழும்பு தெரிந்தாலோ வாங்காதீர்கள். புதியதே ஆனாலும், மாலைதோறும் மின்சாரத்தை நிறுத்தி, காற்றைக் குறைத்துவிட்டு, அந்தத் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.