எஃப் படிவம்: தங்கவயலார் எழுதிய உயில்

தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வழக்கறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும்போது தலைமை நாற்காலியில் இருப்பவருக்குப் பெருமையோடு கொஞ்சம் கைநடுக்கமும் வரத்தான் செய்யும். ஒரு சாரார் சட்டப் பிரிவைத் திருத்துவார்கள், மறுசாரார் ஆண்டைத் திருத்துவார்கள்.

‘உயிலும் முதியோரின் சொத்து ஏற்பாடும்’ என்பது அழைப்பிதழில் அச்சான பொருள். அடிப்படைகளை இந்த அவைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் இரண்டு சாட்சிகள் தெரிந்ததுதான். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாள் வேண்டாம் என்பதும் தெரிந்ததே. பிள்ளைகளுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்த பெற்றோரைப் பற்றியும், அவர்களுக்கு 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பது பற்றியும் பிற்பகல் அமர்வு பேசும். தலைமை உரை அங்கே கை வைக்காது.

அது கை வைக்க விரும்புவது ஒரு பழைய வாதத்தில். “சுரங்கத் தொழிலாளிக்கு உயில் ஏது? உயில் என்பது பங்களாக்காரர் சமாச்சாரம்” என்று உயில் ஆய்வில் பெரியவர்கள் சிலர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் புரோபேட் கட்டுகளில் தூசி தின்றவர்கள் அவர்கள்; அந்த உழைப்பின் முன் எழுந்து நிற்கலாம். முடிவின் முன் நிற்க முடியாது.

காரணம் எளியது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் எழுதிய உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்பது 1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. அது வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் போட்ட கோடு. மைசூர் சமஸ்தானத்தில் இருந்த கோலார் தங்கவயல் அந்தக் கோட்டுக்கு வெளியே. கேட்காத ஊரில் காகிதம் சேராது. சேராத காகிதத்தைப் பார்த்து ‘இங்கே உயிலே இல்லை’ என்று தீர்ப்பெழுதுவது எந்த வகை ஆராய்ச்சி? உயில் வழக்கு எதுவானாலும் இன்றும் மேற்கோளாக வரும் வெங்கடாசல ஐயங்கார் – திம்மஜம்மா தீர்ப்பே மைசூர்க்காரர்களின் சிவில் வழக்கில் பிறந்ததுதான். உயிலை எழுத முன்னின்றவரின் பிள்ளைகளுக்கே அதில் பெரும்பலன் போனால், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பாரம் அவர் தலையில்தான் என்று 1958இல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதினார். போதாததற்கு, புரோபேட்டை வற்புறுத்திய, வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவையே நீக்கும் சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. புரோபேட் கட்டுகளை மட்டும் நம்பியவர்கள் இனி என்ன செய்வார்கள் என்பதை அவர்களிடமே மரியாதையோடு விட்டுவிடலாம்.

தங்கவயலின் உயில் வேறு தாளில் இருக்கிறது. பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது; தொழிற்சாலையோடு சுரங்கத்தையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. அதன்படி தொழிலாளி நிரப்பிக் கொடுத்தது எஃப் படிவம், ஊர் வழக்கில் நாமினி பாரம். நாமினியின் பெயர், முகவரி, உறவு, வயது, கடைசியில் ‘எவ்வளவு பங்கு’ என்று ஒரு கட்டம். கீழே கையெழுத்து, இல்லாவிட்டால் பெருவிரல் ரேகை. அதற்கும் கீழே சாட்சிகள் இருவர். 63ஆம் பிரிவு கேட்பதும் அதே இருவரைத்தானே? கணவனைத் தன் குடும்பத்திலிருந்து விலக்கியதாகப் பெண் ஊழியர் அறிவிக்கும் வரிகூட அந்தப் படிவத்தில் அச்சாகியிருந்தது. எத்தனை வக்கீல்கள் அந்த வரியைப் படித்திருப்பார்கள்?

இங்கேதான் வாதம் சூடு பிடிக்கிறது. ஒரே லைனில் அடுத்தடுத்த வீடுகளில் கிறிஸ்தவரும் இந்துவும், அயோத்திதாசரின் பௌத்த சங்கம் வேர்விட்ட மாரிக்குப்பத்துப் பௌத்தரும் குடியிருந்த ஊர் இது. கிறிஸ்தவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கல்யாணத்தோடு செத்துப்போகும். பக்கத்து வீட்டு இந்து எழுதிய உயிலும் பௌத்தர் எழுதிய உயிலும் சாகாது. ஆனால் நாமினி பாரத்துக்கு மதம் கிடையாது. வைப்புநிதி நாமினேஷனும் அப்படித்தான்: வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் 61ஆம் பத்தி, குடும்பம் இல்லாதபோது எழுதிய நாமினேஷன் குடும்பம் வந்ததும் செல்லாது என்று எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னது. பொது வாரிசுச் சட்டம் வருமா வராதா என்று டெல்லியில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஷிஃப்டு முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளி அதில் பாதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

“நாமினி வாரிசு ஆக மாட்டாரே” என்று முன்வரிசையில் ஒருவர் தலையசைப்பது தெரிகிறது. உண்மை. 1984இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. 2009இல் சிப்ரா சென்குப்தா வழக்கில் கதை இன்னும் நெருங்கி வருகிறது: மணமாகும் முன் தாயை நாமினியாகப் போட்ட வங்கி ஊழியர், மாற்றாமலே இறந்துபோனார். தாய் பணத்தை வாங்கலாம், வாரிசுகளுக்குப் பிரித்துத்தான் தர வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. இந்தத் தலைமை உரை கேட்பதோ பணம் யாருக்குச் சேர்ந்தது என்பதை அல்ல. எழுதியவர் யாரை நினைத்து எழுதினார் என்பதை. உயில் ஆய்வுக்கு அதைவிட நல்ல சான்று எது?

கம்பெனி வீட்டைப் பற்றி ஒரு சொல். குடியிருக்க மட்டும் அனுமதி பெற்ற வீட்டை உயிலில் எழுதினால், எழுதியவருக்கு இல்லாத உரிமை மகனுக்கு வராது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்களை மூடிய பிறகும் லைன் வீடுகளில் தொடரும் குடும்பங்களுக்கு இதை இதமாக எடுத்துச் சொல்வது வழக்கறிஞர் அமர்வின் பொறுப்பு.

மீண்டும் எஃப் படிவத்துக்கு வருவோம். அது இரட்டைப் பிரதி. சரிபார்த்துச் சான்றிட்ட நகலை நிர்வாகம் ஊழியரிடம் திருப்பித் தர வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே கம்பெனி ஆவணம் கரையான் அரித்துப் போனாலும், வீட்டு டிரங்குப் பெட்டிகளில் அந்த நகல் கிடக்க வாய்ப்புண்டு. ஓய்வுபெற்ற குடும்பங்களைத் தெரிந்தவர்கள், பழைய காகிதம் எடைக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்கி, பெயர்களை மறைத்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.