தனிம அட்டவணையும் நம் மலையும்

(வெள்ளி விழாவையொட்டி மஞ்சக்குட்டையில் ஆற்றிய உரை)

 

நாம் வாழும் சேர்வராயன் மலையையே இன்று பாடநூலாகக் கொள்வோம். மலையின் மேலே செந்நிறப் பாக்சைட் கிடக்கிறது. கீழே, சேலத்தை ஒட்டிய குன்றுகளில், வெண்ணிற மாக்னசைட் கிடக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? விடை காணத் தனிம அட்டவணை துணைசெய்கிறது.

1869ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை நிறை வரிசையில் அடுக்கினார். பண்புகள் மீண்டும் மீண்டும் வரக் கண்டு, ஒத்தவற்றை ஓரினமாகச் சேர்த்தார். இன்று 118 தனிமங்கள் 18 தொகுதிகளில், அணு எண்ணின்படி நிற்கின்றன. அங்கே மேற்கட்டம், கீழ்க்கட்டம் என்பன உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல.

முதல் தொகுதியின் சோடியத்திற்கும் பொட்டாசியத்திற்கும் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான். இரண்டாம் தொகுதியின் மக்னீசியத்திற்கும் கால்சியத்திற்கும் இரண்டு. இவை அவற்றை எளிதில் இழந்து, பாறையிலிருந்து நீரோடு கரைந்து செல்லும் இயல்பின. பதின்மூன்றாம் தொகுதியின் அலுமினியமோ ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்து நீரில் கரையாது நிற்கும். பல இலட்சம் ஆண்டு மழை, முன்னவற்றையும் சிலிக்காவின் பெரும்பகுதியையும் கொண்டுபோக, அலுமினியமும் இரும்பும் எஞ்சின. அதுவே பாக்சைட். காப்பித் தோட்டத்திற்குச் சுண்ணாம்பு இடுவதும் இதனாலேயே. மழை கொண்டுபோன கால்சியத்தை மண்ணுக்குத் திருப்பித் தருகிறோம். அடிவாரத்திலோ, மக்னீசியம் மிகுந்த பாறைகள் கரியமிலவாயு கலந்த நீரோடு வினைபுரிந்து மாக்னசைட் ஆயின.

இம்மலையின் பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. 1965இல் தொடங்கிய அவ்வாலையின் அலுமினிய உற்பத்தி 2008இல் நின்றது. அக்கல்லைச் சுமந்தவர்களுள் எங்கள் உறவினரும் இருந்தனர். கல்லின் எடையை அவர்கள் அறிந்தனர். அதனுள் இருந்த அறிவியலை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

மெண்டலீவ் தம் அட்டவணையில் சில கட்டங்களை வெறுமையாக விட்டார். அலுமினியத்தின் கீழுள்ள கட்டத்திற்கு உரிய தனிமம் இன்னும் கண்டறியப்படவில்லை என்றும், அதன் அடர்த்தி ஏறத்தாழ 6 இருக்கும் என்றும் 1871இல் கூறினார். 1875இல் பிரான்சு நாட்டில் காலியம் கண்டறியப்பட்டது. அளந்தவர் 4.7 என்றார். தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்குமாறு மெண்டலீவ் எழுதினார். மீண்டும் அளந்தபொழுது 5.9 கிடைத்தது! அக்காலியம் பாக்சைட்டில் சிறிதளவு கலந்திருப்பது, இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் ஒளிதருவது.

தோழர்களே! எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூவர் பத்தாம் வகுப்பில் தேறியபொழுது, "அறிவியல் உங்களுக்கு வராது" என்றார் ஓர் ஆசிரியர். நாங்களும் மறுப்பின்றிக் கலைப்பாடம் எடுத்தோம். வரலாறு படித்ததற்கு வருந்தவில்லை. எதிர்க்கேள்வி கேளாமல் ஒப்புக்கொண்டதற்கே வருந்துகிறோம். வேதியியலை நாம் கற்றது தலைமையாசிரியர் ஆன பின்னர்தான். அறிவியல் ஆசிரியர் இல்லாத வகுப்பில், மாணவரோடு அமர்ந்து கற்றோம்.

பிறர் நம்மைக் குறைத்து அளந்தால், அந்த அளவே தவறாயிருக்கலாம். மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளுள் விரும்புவோர் அனைவரும் அறிவியல் பிரிவைக் கேட்டுப் பெறுக. இடம் மறுக்கப்பட்டால், பெற்றோரும் கழகத்தாரும் உடன் சென்று நிற்போம். வெற்றுக் கட்டங்கள் நமக்காகவும் காத்திருக்கின்றன.

வளர்க நம் கழகம்!