பிறப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன விளையாட்டு

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் நிலத்தைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் ஆணவக் கொலைகளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் வீடியோ கேம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் மூத்த தோழர் ஒருவர், "உனக்கு வேற வேலையே இல்லையா தம்பி?" என்றார். இருக்கிறது தோழர். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவு பத்து மணிக்கு மேல் நான் செய்வது இதைத்தான். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த நேரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். எனவே அங்கே என்ன நடக்கிறது என்று நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

2009 ஆம் ஆண்டு கனடாவின் பயோவேர் நிறுவனம் 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வாள், மந்திரம், பூதம் எல்லாம் வரும் ராஜா காலத்துக் கதை. அதில் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு திரை வரும். நீ யாராகப் பிறக்கப் போகிறாய் என்று கேட்கும். ஆறு பிறப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முதல் சில மணி நேரக் கதை வேறு வேறு. அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஒரே கதைக்குள் வந்து சேருவார்கள்.

அந்த ஆறில் இரண்டு, ஓர்ஸமார் என்ற நகரத்தில் நடக்கின்றன. பாறைக்கு அடியில் வாழும் ட்வார்ஃப் என்ற கற்பனை இனத்தின் நகரம் அது. அங்கே சாதி இருக்கிறது. நான் சொல்லவில்லை, விளையாட்டே 'கேஸ்ட்' என்றுதான் சொல்கிறது. பிரபுக்கள், போர்வீரர், கொல்லர், கைவினைஞர், சுரங்கத் தொழிலாளர், வணிகர், பணியாளர் என்று ஏழு சாதிகள். இவை எதிலும் சேராத எட்டாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குச் 'சாதியற்றவர்கள்' என்று பெயர். பிறந்ததும் முகத்தில் பச்சை குத்திவிடுவார்கள். நகரத்தின் ஓரத்தில் டஸ்ட் டவுன் என்ற இடிந்த பகுதியில்தான் அவர்கள் இருக்க வேண்டும். நகரத்தின் வரலாற்றைக் கல்லில் பதிந்து வைக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதில் அவர்களுடைய பெயர் ஏறாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று எழுதியபோது அது தலைநிமிர்ந்து சொன்ன பெயர். இன்றைக்கு "எனக்கெல்லாம் சாதியே கிடையாது" என்று மிகச் சுலபமாகச் சொல்கிறவர், பெரும்பாலும் சாதியால் எல்லாம் கிடைத்துவிட்டவர். ஓர்ஸமாரிலோ அதே சொல் வசவு. ஒரு சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறிவிடுகிறது பாருங்கள்.

அந்த ஊரைவிட்டு வெளியேறி, மேலே வெளிச்சத்துக்குப் போய்விட்ட ட்வார்ஃப் தன் சாதியை இழந்துவிடுவார் என்பதும் விதி. கடல் தாண்டினால் தீட்டு என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? பிரபுவைத்தான். அரசனின் இரண்டாவது மகன். கல்லூரி விடுதியில், நண்பனின் கணினியில், விடிய விடிய ஆடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் "எங்கே பிறக்க விரும்புகிறாய்?" என்று கேட்கிறார், நான் யோசிக்கக்கூட இல்லை. அரண்மனை வேண்டும் என்று அழுத்திவிட்டேன். அந்த வயதிலேயே பெரியார் படித்திருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதையில் என் தம்பி பெலன் ஒரு துரோகி. அண்ணனைக் கொன்று, பழியை என் மேல் போட்டு, என்னை நாடு கடத்த வைக்கிறான். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு நான் அந்த நகரத்துக்குத் திரும்பும்போது அரசன் இறந்திருக்கிறான். அடுத்த அரசன் யார் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் பெலன். இன்னொரு பக்கம் ஹாரோமாண்ட் என்ற பெரியவர். நாணயமானவர், அமைதியாகப் பேசுகிறவர், சொன்ன சொல் தவறாதவர், அப்பாவின் நண்பர். யாருக்கு முடி சூட்டுவீர்கள்? நான் ஹாரோமாண்டுக்குச் சூட்டினேன். இதில் குழப்பத்துக்கு என்ன இடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஊரும் பிற்பாடு என்ன ஆயிற்று என்று எழுத்தில் சொல்வார்கள். ஹாரோமாண்டின் ஆட்சியில் ஓர்ஸமார் வெளியுலகத்தோடு இருந்த தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. சாதிக் கட்டுப்பாடுகள் முன்னைவிட இறுகின. பெலனுக்கு முடி சூட்டியிருந்தால்? அவன் வணிகத்தைத் திறந்துவிடுகிறான், சாதியற்றவர்கள் மீதான தடைகளைத் தளர்த்துகிறான். எதிர்த்த பிரபுக்களின் சபையைக் கலைத்துவிட்டு, தனி ஆளாகச் சர்வாதிகாரியாகவும் ஆகிறான்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அந்தப் பெரியவரைத் தேர்ந்தெடுத்தது அவர் நல்லவர் என்பதற்காக. அவர் நல்லவர்தான். அந்த நல்லவருக்கு டஸ்ட் டவுனைப் பற்றி என்ன கருத்து என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. ஊரில் இப்படிப்பட்ட பெரியவர்களை நமக்குத் தெரியும். வட்டிக்கு விடமாட்டார், பொய் சொல்லமாட்டார், பஞ்சாயத்தில் நியாயம் பேசுவார். கோயில் தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று கேளுங்கள், அப்போது பேச்சே மாறிவிடும்.

பிறகு மறுபடி முதலிலிருந்து ஆடினேன். இந்த முறை சாதியற்ற பிறப்பு.

குடிகார அம்மா, ரீக்கா என்ற அக்கா. உள்ளூர் தாதா ஒருவனிடம் அடியாள் வேலை. அந்த ஊரில் பெண் பிள்ளைக்கு அம்மா சாதி, ஆண் பிள்ளைக்கு அப்பா சாதி. அதனால் ரீக்காவை நல்ல உடை உடுத்தி, பாட்டும் பேச்சும் பழக்கி, பிரபு ஒருவனின் கண்ணில் படும்படி அனுப்புகிறான் அந்தத் தாதா. ஆண் குழந்தை பிறந்தால் அது பிரபு. குடும்பம் அரண்மனைக்குப் போகலாம். பெண் குழந்தை பிறந்தால் முகத்தில் பச்சை. அகமணம்தான் சாதியின் அடித்தளம் என்று அம்பேத்கர் 1916 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். இந்த விளையாட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை வைக்கிறது. கலப்பை ஓரளவு அனுமதித்துவிட்டு, பெண்ணின் கருப்பையை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டாலும் சாதி உயிரோடு இருக்குமா? இருக்கும் என்கிறது. அனுலோமம், பிரதிலோமம் என்று பிரித்து எழுதி வைத்தவர்களின் ஊரில் பிறந்த நாம் இதை மறுக்க முடியாது.

அடுத்த காட்சியைத்தான் நான் பல பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். பெரிய வீரவிளையாட்டுப் போட்டி நடக்கிறது. தாதா பந்தயம் கட்டியிருந்த போர்வீரன் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான். அவனுடைய கவசத்தை நான் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறேன். முகமூடிக்குள் என் பச்சை குத்திய முகம். ஒவ்வொருவராக வீழ்த்துகிறேன். கூட்டம் அந்தப் போர்வீரனின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கிறது. கடைசியில் அந்தக் குடிகாரன் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறான். என் முகம் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான், சிறை. வென்றது யாருக்கும் பொருட்டில்லை. களத்தில் கால் வைத்ததே குற்றம். ஏகலைவன் கதையை நமக்குக் குருபக்தியின் கதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதையை அவன் தோளுக்குள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு கனடாக்காரன் எழுதிய விளையாட்டில்தான் நான் உணர்ந்தேன்.

இந்தப் பிறப்பில் பெலன் யார் தெரியுமா? அக்கா ரீக்காவின் குழந்தைக்கு அப்பா. அரண்மனை வாசல் வழியாக வந்தவனுக்கு அண்ணனைக் கொன்ற துரோகி, டஸ்ட் டவுன் வழியாக வந்தவனுக்கு மருமகனைத் தூக்கி வைத்திருக்கும் மாமன். இருவரும் பார்ப்பது ஒரே ஆளை.

இதையெல்லாம் இணையத்தில் விளையாட்டு ரசிகர்கள் கூடும் ஓரிடத்தில் எழுதினேன். முதல் பதில், "எல்லாத்திலயும் ஏன் சாதியைக் கொண்டு வர்றீங்க?" அந்தத் தம்பி நூறு மணி நேரம் ஆடியிருக்கிறார். திரையில் நூறு தடவையாவது 'கேஸ்ட்' என்ற சொல்லைப் படித்திருப்பார்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1996 இல் வந்த 'அக்செஷன்' என்ற எபிசோட். பஜோர் என்ற கிரகத்தில் முன்பு குடும்பத் தொழிலின்படி பிரிவுகள் இருந்தன. அந்நியர் ஆக்கிரமித்தபோது எல்லாரும் சேர்ந்து போராட வேண்டியிருந்ததால் அதைக் கைவிட்டார்கள். இப்போது இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கவிஞர் ஒருவர் காலப் பயணத்தில் வந்து இறங்குகிறார். தான்தான் கடவுளரின் தூதர் என்கிறார். அவரவர் குலத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்கிறார்.

கீரா நெரிஸ் என்ற பெண் அதிகாரி, துப்பாக்கி தூக்கி விடுதலைக்குப் போராடியவள். அவள் எதிர்ப்பாள் என்றுதானே நினைப்போம்? எதிர்க்கவில்லை. அவள் குடும்பம் கலைஞர் குலம். வேலையைவிட முடிவு செய்து, களிமண்ணில் பறவை செய்து பழகுகிறாள். வரவே மாட்டேன் என்கிறது. ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்கிறாள், கடவுள் சொல்லிவிட்டாரே! பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் குலத்தார் தீட்டானவர்கள் என்ற பேச்சு சில நாளில் திரும்பிவிடுகிறது. அந்தக் குலத்தில் பிறந்த துறவி பதவி விலக மறுக்கிறார். இன்னொரு துறவி அவரை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டு, கொஞ்சமும் உறுத்தலில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

1953 இல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அழைத்துத் தெருவுக்கு வந்தார்; 1954 இல் ராஜாஜி பதவி விலகினார். அந்த எபிசோடைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஓடியது. ஆனால் பஜோரில் பெரியார் இல்லை. முடிவில் கேப்டன் சிஸ்கோ அந்தக் கவிஞரைக் கடவுளரிடமே அழைத்துப் போகிறார். கடவுளர் சிஸ்கோதான் தூதர் என்கிறார்கள், பிரச்சினை தீர்ந்தது. எனக்குப் பிடித்த தொடர்தான், ஆனாலும் சொல்கிறேன், இது சோம்பேறித்தனமான முடிவு. கொல்லப்பட்ட துறவிக்குப் பேச இடமே தரவில்லை.

அதில் ஒரு விஷயம் மட்டும் பிடித்தது. சாதிப் பாகுபாடு உள்ள கிரகத்தைத் தங்கள் கூட்டமைப்பில் சேர்க்க மாட்டோம் என்று சிஸ்கோ சொல்கிறார். அதைச் சொல்கிறவர் கறுப்பினக் கேப்டன். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் நியூசம், இப்போதுள்ள சட்டமே போதும் என்று நிராகரித்தார். 1996 இன் கற்பனைக் கேப்டனுக்குப் புரிந்தது 2023 இன் ஆளுநருக்குப் புரியவில்லை.

இன்னொரு தொடரையும் சொல்லியாக வேண்டும். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வில் 2007 இல் வந்த 'டர்ட்டி ஹேண்ட்ஸ்'. மனித இனம் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. மிஞ்சியவர்கள் சில கப்பல்களில் விண்வெளியில் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பழைய நாடு இல்லை, நிலம் இல்லை, கோயில் இல்லை. சாதியும் இருக்கக் கூடாது அல்லவா? எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் ஓய்வே இல்லாமல் அதையே செய்கிறார்கள். பக்கத்தில் நின்று அவர்கள் பிள்ளைகளும் அதையே பழகுகிறார்கள். ஏன்? வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தானே, இது அவசர காலமாயிற்றே! ஆள் போதாமல் பட்டியல் எடுக்கிறார்கள். எப்போதோ வயலில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததாகச் சொன்ன குற்றத்துக்காக ஓர் இளைஞனை அங்கே அனுப்புகிறார்கள். அவன் இயந்திரத்தில் அடிபடுகிறான்.

அங்கே யாரும் கெட்டவர் இல்லை. குடியரசுத் தலைவர் நேர்மையானவர். தளபதி அடாமா தன் ஆட்களுக்காக உயிரைக் கொடுக்கக்கூடியவர். இந்தக் கப்பல்கூட்டத்துக்கு அடாமா என்ற பெயரில்லாத ஒருவர் என்றைக்காவது தலைமை தாங்க முடியுமா என்று சிறையில் இருக்கும் ஒருவன் கேட்கிறான். சாதி முளைப்பதற்கு மனுநூல் தேவையில்லை, ஓர் அவசரமும் ஒரு பட்டியலும் போதும். மலக்குழிக்குள் ஆளை இறக்குகிறவரும் "அவசரம், அவனுக்குத்தான் வேலை தெரியும்" என்றுதானே சொல்கிறார்?

ஆனால் இங்கே கடவுள் வந்து தீர்க்கவில்லை. தொழிலாளர்கள் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். தளபதி, வேலைநிறுத்தத் தலைவனின் மனைவியைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார். அந்த நல்ல தளபதியேதான்! பிறகு பேச்சுவார்த்தை நடக்கிறது, சங்கம் மறுபடி நிற்கிறது. இந்த மூன்றில் கீழே இருப்பவர்கள் கையால் ஏதாவது மாறியது இது ஒன்றில்தான். ஓர்ஸமாரில் கொலைகார அரசனா, கண்ணியமான அரசனா என்பதுதான் என் முன்னால் இருந்த தேர்வு. டஸ்ட் டவுன்காரர்களைச் சபையில் உட்கார வைக்கும் பொத்தான் அந்த விளையாட்டில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பொத்தானை யார் எழுதுவார்கள்? இந்தக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கை தூக்கினீர்கள். தமிழில் கதை எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். நான் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என் மடிக்கணினியைக் கொண்டு வந்திருக்கிறேன், விளையாட்டும் அதில் இருக்கிறது. தேநீர் வருவதற்குள் முதல் ஒரு மணி நேரத்தை யாராவது ஆடிப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அரண்மனை வாசல் இன்றைக்குப் பூட்டியிருக்கிறது. யார் முதலில் வருகிறீர்கள்?