ஏரி ஒரு பாத்திரமன்று
(கிளைத் தோழர்களின் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடரின் இறுதி நாளில், இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா.

முதல் மசோதாவின் கதையை நீங்கள் அறிவீர்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது; மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டாவது மசோதாவோ சட்டமாகிவிட்டது. எதிர்ப்புக் குரல் எழாமல் இல்லை. ஆனால் ஆலைவாயிலில் எழுந்த குரலின் வலிமை அதற்கு வாய்க்கவில்லை. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, ஏரிக்கு இல்லை!

அச்சட்டம் கூறுவதென்ன? 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் அமையும் திட்டத்தைச் 'சிறப்புத் திட்டம்' என அரசு அறிவிக்கலாம். அதனுள் ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ இருந்தால், அந்த அரசு நிலத்தைத் திட்டத்தாரின் நிலத்தோடு பரிமாற்றம் செய்து ஒன்றாக இணைக்கலாம்.

"நீரின் கொள்ளளவு குறையக்கூடாதென்ற நிபந்தனை இருக்கிறதே! வல்லுநர் குழு இருக்கிறதே! மக்களின் கருத்தைக் கேட்கவும் வகை செய்திருக்கிறோமே!" என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: ஏரி என்பது தண்ணீர் பிடித்துவைக்கும் பாத்திரமா, அளவு குறையாமல் வேறோரிடத்தில் இறக்கி வைப்பதற்கு?

மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரி நிரம்பும். மதகு திறந்தால் ஆயக்கட்டு நனையும். கரையோரக் கிணறு ஊறும். மண்ணின் சாய்வறிந்து நம் முன்னோர் கோத்த சங்கிலி அது. ஒரு கண்ணியைக் கழற்றி அதே எடையுள்ள இரும்பை அருகில் வைத்துவிட்டால் சங்கிலி ஆகிவிடுமா? பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் போராடிய ஏகனாபுரம் மக்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்த மாநிலத்தில் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 1998இல் அதில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருமுறைச் சலுகை என்றார்கள். ஆயினும் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. அந்த நீட்டிப்புகள் செல்லாவென 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

மாடிகளுக்கு இந்த மன்னிப்பு, குடிசைகளுக்கு? 2015 வெள்ளத்திற்குப் பின், நீர்வழியை மறித்ததாகக் கூறி, ஆற்றோர ஏழைகளைப் பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கூலிவேலை ஓரிடம், குடியிருப்பு வேறிடம் என்றாயிற்று. நீர்நிலையைக் காக்கவே ஏழையை அகற்றினோம் என்றவர்கள், பெருந்திட்டத்துக்காக நீர்நிலையையே அகற்றலாம் என்கிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு தராசுகளா?

வளர்ச்சிக்கு நாம் பகைவர் அல்லர். ஆலை வேண்டும், சாலை வேண்டும், ஏழைக்கு வீடு வேண்டும். திட்டமிடும் சட்டங்கள் காலத்துக்கேற்பத் திருந்தவும் வேண்டும். எந்தத் திருத்தம் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் யார் கைக்கு நிலம் போகிறது, யார் கையிலிருந்து போகிறது?

கிராம சபையின் இசைவின்றி ஊர்ப் பொதுநிலம் கைமாறக்கூடாது. பாசனதாரரின் ஒப்புதலின்றி ஒரு வாய்க்காலும் திசைமாறக்கூடாது. இவ்விரண்டும் சட்டத்தில் எழுதப்படும்வரை நமக்கு ஓய்வில்லை.

அதற்கு முதற்பணி இன்றே தொடங்கட்டும். ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பெறுக. மேய்க்கால் எது, ஓடை எது, மதகுகள் எத்தனை என முதியோரைக் கேட்டுக் குறித்து வைத்திடுக. அறிவிப்பு வெளியான பின் ஓடித் தேடுவோர் தோற்பர். முன்னரே அறிந்திருப்போர் நிற்பர்.

தொழிலாளிக்குச் சங்கம் நின்றது. ஏரிக்கு நாம் நிற்போம்!