ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே

ஆறு மீட்டர் தொலைவில் மாட்டிய அட்டையில் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பார்வைக் கூர்மையை அளக்கும் முறையை 1862-இல் நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்தார். பள்ளிக் கண் பரிசோதனை இன்றும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. எழுத்தறியாத குழந்தைக்கு, ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பி அச்சிட்ட அட்டை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றனவோ அந்தப் பக்கம் விரல்களை நீட்டிக் காட்டினால் போதும்.

இந்தியாவில் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், பயிற்சி பெற்ற ஆசிரியர்களே இந்த முதற்கட்டச் சோதனையைச் செய்கின்றனர். சோதனை எளிது, அதில் ஏமாறுவது அதைவிட எளிது. ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னால் விரலிடுக்கு வழியே எட்டிப் பார்ப்பது குழந்தைகளின் இயல்பாதலால், உள்ளங்கையைக் குவித்தோ கெட்டி அட்டையாலோ கண்ணை அழுத்தாமல் முழுவதும் மறைத்து, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள குழந்தை மற்றொரு கண்ணைக் கொண்டே ஓடியாடிப் படித்தும் விடுவதால் யாரிடமும் முறையிடுவதில்லை. மூளையோ மங்கிய பிம்பத்தைச் சிறிது சிறிதாகப் புறக்கணிக்க, அந்தக் கண் பார்க்கப் பழகாமலே நின்றுவிடுகிறது. ‘சோம்பல் கண்’ எனப்படும் இக்குறைக்குத் தக்க கண்ணாடியும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ‘பேட்ச்’ ஒட்டி மூடிவைத்து மற்றக் கண்ணை வேலைவாங்குவதும் மருந்தாகின்றன. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. வயது ஏற ஏறக் குறையும். ஆகவே முதல் பரிசோதனை ஒன்றாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருப்பது நல்லது.

அட்டையை முழுவதும் படித்துவிட்டதால் மட்டும் குறையில்லை என்றாகிவிடாது. தூரப்பார்வைக் குறை, அதாவது அருகிலுள்ளதைக் காணக் கண் அதிகம் உழைக்க வேண்டிய நிலை, குழந்தைகளிடம் மறைந்தே இருக்கும். அவர்களின் விழிவில்லை எளிதில் வளைந்துகொடுத்து அதை ஈடுகட்டிவிடும். புத்தகத்தைத் திறந்த சற்று நேரத்தில் தலைவலிக்கும் அக்குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பது ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற பெயர்தான். வில்லையை இயக்கும் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தால் உண்மை அளவு வெளிப்படும். அதன்பின் சில மணி நேரம் கண் கூசுவதும் எழுத்து மங்குவதும் இயல்பே.

கிட்டப்பார்வை வேறு வகை: விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதால் கரும்பலகை மங்குகிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு நடத்திய ஆய்வொன்று 2015-இல் வெளியானது. மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் படித்தவர்களுள் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டிருந்தது. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்கலாம்.